மூட்டு மாற்றுக்கு முன்: எம்ஆர்ஐயில் ஏசிஎல் கிழிவு, காலும் வளைந்திருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

பொதுமருத்துவன்

வணக்கம். ஒரு முழங்கால் பற்றி அறுவை மருத்துவர்களிடமும் எக்ஸ்ரே, பிசியோதெரபி துறையினரிடமும் சில சந்தேகங்கள்.

64 வயதுப் பெண். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது அதிகம். உட்பக்கத்தில் எலும்போடு எலும்பு, கெல்கிரன்-லாரன்ஸ் அளவில் 4 (எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் கடைசி நிலை). வலது கால் வில்லாக வளைந்திருக்கிறது. முழுதாக நீட்ட முடியவில்லை, 10 டிகிரி குறைகிறது. மடக்கினால் 110 வரை வருகிறது. விழுந்ததோ முறுக்கிக்கொண்டதோ இல்லை. முடக்குவாதத்துக்கான அறிகுறியும் இல்லை.

எம்ஆர்ஐ அறிக்கையில் நான்கு விஷயம்: ஏசிஎல் (முழங்காலின் நடுவில் இருக்கும் முன் லிகமென்ட், அதாவது ஜவ்வு) முழுக் கிழிவு, எம்சிஎல் (உட்பக்க லிகமென்ட்) இரண்டாம் நிலைச் சுளுக்கு, உட்பக்க மெனிஸ்கஸ் (இரு எலும்புக்கும் இடையே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) வேரில் கிழிவு, மெனிஸ்கஸ் வெளியே பிதுங்கல். எக்ஸ்ரே, படுத்த நிலையில் எடுத்தது மட்டும்தான் இருக்கிறது. முழு மூட்டு மாற்று என்று பேசி, தேதி மூன்று நான்கு மாதம் தள்ளி இருக்கிறது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னா முதல்ல அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் மூட்டை மாத்தலாமா" என்பது குடும்பத்தார் கேள்வி. என் கேள்விகள் வேறு. வளைவில் எவ்வளவு எலும்பால் வந்தது, எவ்வளவு லிகமென்ட் தளர்வால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? எம்சிஎல் பற்றிய அந்த வரியை எவ்வளவு நம்பலாம்? அதுவரை பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் கட்டு) போடுவதில் பயன் உண்டா?

மூட்டுக்கத்தி

குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டிய பதில் சின்னது: லிகமென்ட் அறுவை தேவையில்லை. நான்காம் நிலைத் தேய்மானத்தில் ஏசிஎல்லைப் புதிதாகக் கட்டினாலும் வலி அப்படியே இருக்கும். குருத்தெலும்பு போன பரப்புகள் ஒன்றோடொன்று உரசுவது நிற்கப்போவதில்லை. முழு மூட்டு மாற்றில் ஏசிஎல்லை எப்படியும் எடுத்துவிடுவோம். பிசிஎல்லை (நடுவில் இருக்கும் பின் லிகமென்ட்) வைத்துக்கொள்ளும் இம்பிளான்ட் (செயற்கை மூட்டு) வடிவமும் உண்டு. அதை எடுத்துவிட்டு அதன் வேலைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் முனை வைக்கும் வடிவமும் உண்டு. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இப்படி ஏதாவது வழி இருக்கிறது. பக்கவாட்டில், உட்பக்கம் இருக்கும் எம்சிஎல்லுக்கும் வெளிப்பக்கம் இருக்கும் எல்சிஎல்லுக்கும் சாதாரண இம்பிளான்டில் மாற்றே கிடையாது. அவை பிடித்து நிறுத்தினால்தான் புதிய மூட்டு நிற்கும். அறுவைக்கு முன் நம் கவலை அவற்றின் மேல்தான் இருக்க வேண்டும்.

அதற்காக ஏசிஎல்லை மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. இந்த வயதில், அடிபடாத முழங்காலில், "முழுக் கிழிவு" என்ற அறிக்கையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். தேய்மான மூட்டுகளில் ஏசிஎல் கூழ்போல ஊதிப்போவது சகஜம். எம்ஆர்ஐயில் அது தடித்து, வெளுத்து, இழைகள் தனித்தனியே தெரியாமல் இருக்கும். கிழிவு என்று எழுதிவிடுவார்கள். கையால் சோதித்தால் இறுக்கமாக இருக்கும். மறுபக்கம், உண்மையிலேயே தேய்ந்து அறுந்த ஏசிஎல்லும் உண்டு. தொடை எலும்பின் நடுப் பள்ளத்தில் வளரும் எலும்பு முனைகள் அதை வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும். அப்போது லாக்மன் சோதனையும் (கீழ்க்காலைக் கையால் முன்னே இழுத்து ஏசிஎல்லைப் பார்ப்பது) ஏமாற்றும்: எலும்பு முனைகள் முட்டி நிற்பதால், லிகமென்ட் இல்லாத மூட்டும் இறுக்கமாகத் தோன்றும். ஆகவே எம்ஆர்ஐ ஒன்றை வைத்தோ லாக்மன் ஒன்றை வைத்தோ முடிவுக்கு வர வேண்டாம்.

இங்கே பலரும் தாண்டிப் போகும் சாட்சி, சாதாரண பக்கவாட்டு எக்ஸ்ரே. ஏசிஎல் வேலை செய்துகொண்டிருந்தால் டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) உட்பக்கப் பரப்பு முன்புறமும் நடுவிலும் மட்டும் குழியும். பின் விளிம்பு தப்பித்திருக்கும். ஏசிஎல் போய்விட்டால் டிபியா முன்னே நழுவும், தொடை எலும்பு பின்புறத்தில் உட்காரும், குழி பின் விளிம்பு வரை நீளும்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் எம்சிஎல்லின் கதையும் பிரிகிறது. பின்புறக் குருத்தெலும்பு தப்பியிருந்தால், முழங்காலை மடக்கும்போது தொடை எலும்பு அந்த நல்ல பகுதிக்கு உருண்டு போகும். அங்கே உயரம் குறையவில்லை, எனவே வளைவு தானே சரியாகும். எம்சிஎல் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் தன் முழு நீளத்துக்கு இழுபடும், சுருங்க வழியில்லை. பின்புறமும் தேய்ந்துவிட்டால் மடக்கினாலும் நீட்டினாலும் தொடை எலும்பு குழிக்குள்தான். எம்சிஎல் எப்போதும் தொய்ந்தே கிடந்து, நாளடைவில் குட்டையாகிவிடும். வளைவு நிலைத்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். கையால் சோதிக்கும் முறை:

நோயாளி படுத்திருக்கட்டும். தொடையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு சுழன்றால் முழங்கால் திறப்பதுபோலப் பொய்யாகத் தெரியும். முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கை முழங்காலின் வெளிப்பக்கம், இன்னொரு கை கணுக்காலில். கணுக்காலை மெதுவாக வெளியே தள்ளுங்கள். வளைந்த கால் நேராகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கயிறு இறுகியதுபோல நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது, நிற்பது கெட்டியாக இருக்கிறதா என்ற இரண்டையும் குறியுங்கள்.

கால் தன் பழைய அச்சுக்கு வந்து கெட்டியாக நின்றால் எம்சிஎல் நலம். அதற்கு முன் நீங்கள் உணர்ந்த 'திறப்பு', தேய்ந்துபோன குருத்தெலும்பின் உயரம்தான். இதைப் போலித் தளர்வு என்போம். "இரண்டாம் நிலைச் சுளுக்கு" என்று எழுதப்படும் முழங்கால்களில் பெரும்பாலானவை இந்த வகை; பிதுங்கிய மெனிஸ்கஸும் எலும்பு முனைகளும் எம்சிஎல்லை வெளியே தள்ளி, சுற்றிலும் நீர் கோத்து, எம்ஆர்ஐயில் காயம்போலக் காட்டும். கால் நேர்க்கோட்டைத் தாண்டி முட்டி தட்டும் பக்கமாகப் போய், முடிவில் கெட்டியான நிறுத்தமும் இல்லையென்றால் அது உண்மைத் தளர்வு. பாதியிலேயே நின்றுவிட்டால் எம்சிஎல் சுருங்கியிருக்கிறது, அல்லது எலும்பு முனைகளின் மேல் கூடாரத் துணிபோல இழுபட்டிருக்கிறது. இரண்டாவது காரணம் என்றால் நல்ல செய்தி. அறுவையில் அந்த முனைகளை நீக்கியதுமே பாதி வளைவு விட்டுக்கொடுக்கும், லிகமென்டைத் தொட வேண்டியதே இருக்காது.

பிறகு நீட்டிய நிலையிலும் இதையே செய்யுங்கள். உங்கள் நோயாளிக்கு 10 டிகிரி நீளாது. அந்த நிலையில் மூட்டின் பின்புற உறை இறுகிக்கிடப்பதால் பக்கவாட்டுத் தளர்வை அது மறைத்துவிடும். நீட்டிய நிலைச் சோதனை நன்றாக இருந்தது என்று மட்டும் வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

கடைசியாக எதிர்த்திசை: கணுக்காலை உள்ளே தள்ளி எல்சிஎல்லைப் பாருங்கள். பல வருட வளைவில் வெளிப்பக்கம் நீண்டுபோயிருக்கும். படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியவே தெரியாது. நிற்கும்போதும் நடக்கும்போதும்தான் வெளிப்படும்.

மெனிஸ்கஸ் வரிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2008-இல் வெளியான ஃப்ரேமிங்காம் ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் உள்ளவர்களில் வலி இருந்தவர்களுக்கு 63%, வலி இல்லாதவர்களுக்கு 60% மெனிஸ்கஸ் கிழிவு இருந்தது. நான்காம் நிலையில் அதைத் தைப்பதும் வெட்டுவதும் வீண்.

நெடும்படம்

எக்ஸ்ரே பக்கத்திலிருந்து. படுத்து எடுத்த படத்தை வைத்து வளைவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவை: நின்ற நிலையில் நேர்ப்படம், 45 டிகிரி மடக்கி நின்று பின்னிருந்து எடுக்கும் ரோசன்பர்க் படம், பக்கவாட்டுப் படம், மடக்கிய நிலையில் முட்டிச்சில்லைக் காட்டும் ஸ்கைலைன், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்ற நிலை முழுநீளப் படம். ரோசன்பர்க் ஏன் என்றால், வெளிப்பக்கத் தேய்மானம் பெரும்பாலும் மடக்கிய நிலையில் உரசும் பின்பகுதியில்தான் இருக்கும். நேர்ப்படத்தில் இடைவெளி நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

முழுநீளப் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பாதங்களை நேராக வைத்து எடுப்பது. நேராகப் பார்க்க வேண்டியது முட்டிச்சில்லு. பாதம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை. முழுதாக நீளாத முழங்காலில் சுழற்சியும் சேர்ந்தால் கோணம் இரட்டிப்பாகத் தப்பும்; 10 டிகிரி மடிந்த முழங்கால் சற்று வெளியே திரும்பி நின்றால், இல்லாத வளைவு படத்தில் வந்துவிடும். ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்கச் சிறிய எலும்பு) தலை டிபியாவுக்குப் பின்னால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்திருந்தால் சுழற்சி ஏறத்தாழச் சரி. முழுதாக மறைந்தாலோ முழுதாகத் தெரிந்தாலோ திரும்ப எடுங்கள். குட்டையான கால் இருந்தால் கீழே பலகை வைத்து இடுப்பைச் சமமாக்கிய பின் எடுக்க வேண்டும். எடையை இரு காலிலும் சமமாகப் போடச் சொல்லுங்கள். வலிக்கும் காலை எல்லாரும் தானாகவே தளர்த்திவிடுவார்கள். இம்பிளான்ட் அளவு பார்க்க 25 மி.மீ உலோக உருண்டையை எலும்பின் மட்டத்தில் ஒட்டுங்கள், தொடைக்கு முன்னால் அல்ல.

அளவிட வேண்டிய கோணங்கள் நான்கு. இடுப்புப் பந்தின் மையம், முழங்கால் மையம், கணுக்கால் மையம் மூன்றையும் இணைத்தால் வருவது முழுக்காலின் கோணம். 180 என்றால் நேர். தொடை எலும்பின் அச்சுக்கும் அதன் கீழ்ப்பரப்புக்கும் இடையே வெளிப்புறக் கோணம், இயல்பு 85 முதல் 90. டிபியாவின் அச்சுக்கும் அதன் மேல்பரப்புக்கும் இடையே உட்புறக் கோணம், அதுவும் 85 முதல் 90. நான்காவது, இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும் கோணம், இயல்பு 0 முதல் 2.

பொதுமருத்துவன் கேட்ட 'எது எலும்பு, எது தளர்வு' என்பதற்கு விடை இந்த நான்கிலேயே இருக்கிறது. டிபியா கோணத்திலிருந்து தொடைக் கோணத்தைக் கழித்தால் கிடைப்பது எலும்பின் பங்கு, அதாவது தேய்மானம் வருவதற்கு முன்பிருந்த அச்சு. நான்காவது கோணம் தேய்மானமும் தளர்வும் சேர்ந்த பங்கு. இரண்டையும் சேர்த்தால் இன்றைய வளைவு வர வேண்டும். வரவில்லையென்றால் அளவில் எங்கோ பிசகு.

இன்னொன்று, முழங்காலை மட்டும் பிடித்த குறும்படத்தில் தொடை எலும்பின் நடுவில் இருக்கும் வில் தெரியாது. பழைய முறிவு கோணலாகக் கூடியிருந்தாலும் தெரியாது. அதே முழுநீளப் படத்தில் இடுப்பு மூட்டையும் பார்த்துவிடுங்கள். முழங்கால் வலி என்று வருவதில் சில இடுப்பிலிருந்து இறங்கும் வலி.

நடைபழகு

டாக்டர், படம் எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு பத்தடி நடக்க விட்டுப் பாருங்க. முன்னாலேர்ந்து பாருங்க, பின்னாலேர்ந்தும் பாருங்க. காலை ஊன்றின உடனே முழங்கால் வெளிப்பக்கமா ஒரு வெட்டு வெட்டிட்டு, கால் தூக்கினதும் திரும்ப வந்துடும். அது இருந்தா வெளிப்பக்கம் நீண்டுபோச்சுன்னு அர்த்தம். வளைஞ்ச காலெல்லாம் வெட்டாது. வெட்டுற கால் வேகமா மோசமாகும். நடையை மொபைல்ல வீடியோ எடுத்து அறுவை மருத்துவருக்கு அனுப்பிடுங்க, பத்து வரி எழுதறதைவிட உபயோகம்.

பிரேஸ் கேட்டிருந்தீங்க. உட்பக்கச் சுமையைக் குறைக்கிற பிரேஸ் மூணு இடத்துல அழுத்தும்: தொடையிலயும் கீழ்க்கால்லயும் உட்பக்கத்துலேர்ந்து, முழங்கால்ல வெளிப்பக்கத்துலேர்ந்து. அதாவது கையால நீங்க தள்ளிப் பார்த்த அதே வேலையை அது செய்யுது. கையால தள்ளி நேராகாத காலுக்கு அதைப் போட்டா தோல்தான் புண்ணாகும், உள்ள ஒண்ணும் நகராது. நேராகுற காலா இருந்தா நடக்கும்போது மட்டும் போடலாம். கீல் முட்டிச்சில்லோட நடுமட்டத்துக்கு இருக்கணும். தொடை மேல அகலமா, கீழே குறுகலா இருக்கிறவங்களுக்கு அது அரை மணி நேரத்துல கீழே இறங்கிடும். முதல்ல கீழ்க்கால் பட்டையை இறுக்கிட்டு அப்புறம் தொடைப் பட்டை. முதல் நாள் 30 நிமிஷம், கழட்டினதும் தோல்ல சிவப்பு 20 நிமிஷத்துக்குள்ள மறையணும். வெரிகோஸ் நரம்பு பெருசா இருந்தா வேண்டாம். செருப்புக்குள்ள வெளிப்பக்கம் உயர்த்தின ஆப்பு வைக்கிறதுல வலி குறையறதில்லைன்னு ஆய்வுகள் சொல்லிட்டு வருது, அதுல காசு போடாதீங்க.

ஊன்றுகோல் எதிர்க் கையில. வலது முழங்கால்னா இடது கை. வலிக்கிற பக்கமே பிடிக்கிறவங்கதான் அதிகம், அது கிட்டத்தட்ட பிரயோஜனமில்லை. உயரம், கை தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு மட்டம்.

இப்ப முக்கியமானது: அந்த 10 டிகிரி. இருக்கிற மூணு நாலு மாசத்துல நான் முதல்ல கை வைக்கிறது அதுலதான். குதிகாலுக்கு அடியில சுருட்டின துண்டு, முழங்காலுக்குக் கீழே காலியா விட்டு, 10 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 இல்ல 4 தடவை. இதோட தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்திப் 5 விநாடி பிடிக்கிறது, 10 தடவை, 3 சுற்று. எல்லாத்தையும் கெடுக்கிறது ராத்திரி முழங்காலுக்கு அடியில தலையணை வைக்கிற பழக்கம். இதமா இருக்கும், ஆனா பகல்ல நீட்டினதெல்லாம் ராத்திரி போயிடும். எலும்பு முனை முட்டி நிக்கிற நீட்டக்குறைவு பயிற்சிக்கு மசியாது. நாலு வாரத்துல கொஞ்சம்கூட மாறலைன்னா, முடிவுல கட்டைமேல இடிக்கிற மாதிரி இருந்தா, வலுக்கட்டாயமா அழுத்தாதீங்க.

தொடை முன்தசை மட்டும் பண்ணிட்டு நிறுத்தறதும் ஒரு தப்பு. வளைஞ்ச, தளர்ந்த முழங்கால்ல அந்தத் தசை இழுக்கிற இழுப்பே உட்பக்கத்தை இன்னும் அழுத்தும். பின்தொடை, இடுப்பு வெளிப்பக்கத் தசை, ரெண்டையும் சேர்த்துப் பண்ணணும். பயிற்சியில வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் போகலாம், அடுத்த நாளுக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும். எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முழங்கால் மேல சுமார் நாலு கிலோ சுமை குறையும்னு 2005-ல ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. அதைச் சொன்னா நோயாளிங்க கேட்கறாங்க.

பொதுமருத்துவன்

மிக்க நன்றி. நெடும்படம் சொன்னபடி எடுத்தாயிற்று. முழுக்கால் 169, அதாவது 11 டிகிரி வளைவு. தொடைக் கோணம் 88, டிபியா 84, பரப்புகளுக்கிடையே 7. கணக்கு ஒத்துப்போகிறது: 84-இல் 88 கழித்தால் மைனஸ் 4, அதாவது 4 டிகிரி வில்வளைவு, அதோடு 7, ஆக 11.

20 டிகிரி மடக்கி வெளியே தள்ளினால் நேராகிக்கொண்டே வந்து கெட்டியாக நிற்கிறது, ஏறக்குறைய 4 அல்லது 5 டிகிரி வளைவு மிச்சம். நேர்க்கோடு வரை வரவில்லை. அப்படியானால் எம்சிஎல் சுருங்கிவிட்டதா? லாக்மன் இறுக்கமாக இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் குழி முன்னும் நடுவிலும். பின் விளிம்பு முழுசாக இருக்கிறது. நடையில் வெட்டு லேசாக உண்டு.

மூட்டுக்கத்தி

சுருங்கவில்லை. அவருடைய கால் இயல்பிலேயே 4 டிகிரி வளைந்த கால். எலும்பின் கணக்கு அதைத்தான் சொல்கிறது. 2012-இல் பெல்ஜியத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்தபோது ஆண்களில் 32%, பெண்களில் 17% பேருக்கு 3 டிகிரியோ அதற்கு மேலோ இயற்கை வளைவு இருந்தது. எம்சிஎல் அந்த 4-க்கு ஏற்ற நீளத்தில்தான் வளர்ந்தது. அங்கே வந்து நிற்கிறது. நேர்க்கோட்டுக்கு வரவில்லை என்பதற்காகச் சுருக்கம் என்று எழுதினால், அறுவையில் நல்ல லிகமென்டை வெட்டித் தளர்த்துவார்கள்.

இன்னொரு விஷயம், இது உங்கள் கேள்வியிலேயே இல்லாதது. பின் விளிம்பு தப்பியிருக்கிறது, மடக்கினால் வளைவு சரியாகிறது, லாக்மன் இறுக்கம். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: எம்ஆர்ஐ என்ன எழுதியிருந்தாலும் ஏசிஎல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் முழு மூட்டை மாற்றத்தான் வேண்டுமா? உட்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மாற்றுக்கான நிபந்தனைகள் இவைதான்: உட்பக்கம் எலும்போடு எலும்பு, வேலை செய்யும் ஏசிஎல், சரியாகும் வளைவு, நீட்டக்குறைவு 15 டிகிரிக்குள், வெளிப்பக்கக் குருத்தெலும்பு முழுத் தடிமனில். கடைசி ஒன்றுதான் இன்னும் தெரியவில்லை.

அதற்கு அழுத்தப் படம் எடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தாங்கி வைத்து 20 டிகிரி மடக்கி, ஈயக் கையுறை போட்டவர் கையால் வெளியே தள்ளிப் பிடித்திருக்க, நேர்ப்படம். டிபியா பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் கதிரையும் ஏறக்குறைய 10 டிகிரி சாய்த்தால்தான் பரப்பு கோடாக விழும். வெளிப்பக்க இடைவெளி குறையாமல் நின்றால் சரி, 5 மி.மீ அளவில் எதிர்பார்க்கலாம். நீட்டிய நிலையில் இதை எடுத்தால் பின்புற உறை இழுத்துப் பிடித்து, சரியாகும் வளைவையும் சரியாகாததுபோலக் காட்டும்.

அறுவை மருத்துவரிடம் இந்தப் படங்களோடு போய், பாதி மாற்று பொருந்துமா என்று நேரடியாகக் கேளுங்கள். இறுதி முடிவு மேசையில்தான்: திறந்ததும் ஏசிஎல்லைக் கொக்கியால் இழுத்துப் பார்ப்பார்கள். அது வெறும் கூழாக இருந்தால் அங்கேயே முழு மாற்றுக்குப் போவார்கள். ஆகவே ஒப்புதல் படிவத்தில் இரண்டும் இருக்க வேண்டும், இம்பிளான்ட் இரண்டும் அறையில் இருக்க வேண்டும்.

பாதி மாற்றில் எம்சிஎல்லைத் தளர்த்தவே கூடாது. தேய்ந்த உயரத்தை மட்டும் நிரப்பி, காலை அதன் பழைய 4 டிகிரிக்கு அருகில் விட வேண்டும். அதிகமாகத் திருத்தினால் சுமை வெளிப்பக்கம் போய், சில வருடங்களில் அந்தப் பக்கம் தேயும்.

எதிர்க்கரை

மூட்டுக்கத்தி சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்பாடு. ஆனால் பாதி மாற்றைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். தேசியப் பதிவேடுகள் எல்லாவற்றிலும் பாதி மாற்றுக்கு மறு அறுவை விகிதம் முழு மாற்றைவிட அதிகம். வருடத்துக்கு நாலைந்து மட்டும் செய்பவர் கையில் அது இன்னும் கூடும். அதே நேரத்தில் தொற்று, ரத்த உறைவு போன்ற ஆபத்துகள் குறைவு, மடக்கும் அளவும் நன்றாக இருக்கும். எத்தனை பாதி மாற்று செய்கிறார் என்று அறுவை மருத்துவரிடம் கேட்பது அநாகரிகம் அல்ல.

முழு மாற்று என்று முடிவானால் அந்த 4 டிகிரியை என்ன செய்வது என்பதில் எங்கள் துறையிலேயே சண்டை ஓயவில்லை. நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தால் உட்பக்கத்தைத் தளர்த்த வேண்டிவரும். விட்டுவைத்தால் லிகமென்ட் நிம்மதியாக இருக்கும், டிபியா இம்பிளான்ட் சாய்வாக உட்காரும். மேயோ கிளினிக் 2010-இல் வெளியிட்ட 15 வருடத் தொடர்ச்சியில் நேர்க்கோட்டிலிருந்து 3 டிகிரி எல்லைக்குள் இருந்தவற்றுக்கும் வெளியே இருந்தவற்றுக்கும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில் டிபியா இம்பிளான்ட் 3 டிகிரிக்கு மேல் உள்ளே சாய்ந்து, உடல் எடையும் அதிகமாக இருந்தபோது உட்பக்க எலும்பு நொறுங்கியது. என் பார்வையில் 84 டிகிரி டிபியாவை அப்படியே நகலெடுக்க மாட்டேன்; 2 டிகிரி சாய்வோடு நிறுத்தி, மீதியை எலும்பு முனைகள் நீக்குவதில் தேடுவேன். பருத்த நோயாளி, எலும்பு மெலிவு என்றால் நேர்க்கோடே.

உண்மையான எம்சிஎல் தளர்வு இருக்கும் முழங்கால்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் உயர்ந்த முனை கொண்ட இம்பிளான்டும் எலும்புக்குள் இறங்கும் தண்டுகளும் தேவை. எம்சிஎல் அறவே இல்லையென்றால் கீல் வகை. அவை முன்கூட்டியே வரவழைக்க வேண்டியவை, மேசையில் கண்டுபிடித்தால் கைவசம் இருக்காது. இந்தச் சிக்கல் முட்டி தட்டும் கால்களில்தான் அதிகம். அங்கே வெளிப்பக்கம் சுருங்கி, எம்சிஎல் நீண்டு, பாதம் தட்டையாகிக் குதிகாலும் வெளியே போயிருக்கும். பாதத்தைக் கவனிக்காமல் முழங்காலை மட்டும் நேராக்கினால் அந்தப் பாதம் முழங்காலை மறுபடி உள்ளே இழுக்கும். முட்டி தட்டும் வளைவும் நீட்டக்குறைவும் சேர்ந்திருக்கும் காலை நேராக்கும்போது பெரோனியல் நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிவிடும் ஆபத்து உண்டு. அறுவைக்கு முன்பே கணுக்காலையும் பெருவிரலையும் மேலே தூக்கும் வலுவைச் சோதித்து எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டால் பிறகு எது பழசு எது புதுசு என்று யாருக்கும் தெரியாது.

பொதுமருத்துவன்

அழுத்தப் படம் அடுத்த வாரம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எம்ஆர்ஐயைத் திரும்ப எடுக்க வேண்டுமா? இன்னொன்று, வலிக்கு இடையில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

மூட்டுக்கத்தி

எம்ஆர்ஐ வேண்டாம், அது சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டது. ஊசி போட்டால் அறுவைக்கு மூன்று மாதம் இடைவெளி வேண்டும். அதற்குள் அறுவை செய்தால் தொற்று வாய்ப்பு கூடுகிறது. உங்கள் தேதி மூன்று நான்கு மாதம் என்பதால், போடுவதாக இருந்தால் இந்த வாரமே போட்டு, போட்ட நாளை அறுவை மருத்துவருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால், தேதியையும் தள்ள வேண்டியிருக்கலாம்.

நெடும்படம்

அழுத்தப் படத்தில் தள்ளியது யார், எத்தனை டிகிரி மடக்கி என்று படத்தின் மேலேயே குறிக்கச் சொல்லுங்கள் டாக்டர். அது இல்லாமல் வரும் படத்தைப் பார்த்து, வளைவு சரியாகவில்லையா, சரியாகத் தள்ளவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.